மூன்றாவது பாட்டு

மார்லிஸ் காங்கஸுக்கு ‘நல்லா இருக்கு’ என்ற பேச்சின்மேல் நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. அவள் வீட்டில் சாப்பிடுகிறவர் யாராவது அப்படிச் சொன்னால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள், தட்டைப் பார்ப்பாள்.

அது அவள் தொழில் கொடுத்த குணம். சிறிய இசை நிறுவனங்கள் வெளியிடும் புது ஆல்பங்களைக் கணினி வழியாகக் கல்லூரி வானொலிகளுக்கு அனுப்பிவைப்பதும், பிறகு போன் போட்டு விசாரிப்பதும்தான் அவள் வேலை. மார்க்வெட் என்ற வடக்கத்திக் குளிர் ஊரில், ஏரியைப் பார்த்த சமையலறை மேசையில் உட்கார்ந்தபடியே நாடு முழுக்கப் போய்வருவாள். ஒவ்வொரு நிலையத்திலும் இசைப் பொறுப்பு ஒரு மாணவனிடமோ மாணவியிடமோ இருக்கும். அவர்கள் போன் எடுப்பதற்கென்று வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் மார்லிஸ் கூப்பிடுவாள். கிடைத்ததா, கேட்டாயா, ஒலிபரப்புகிறாயா? இந்த மூன்று கேள்விகளில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

“ஆல்பம் எப்படி?”

“நல்லா இருக்கு மார்லிஸ்.”

“எந்தப் பாட்டு புடிச்சுது?”

இங்கேதான் அந்த இடைவெளி வரும். ஒரு மூச்சு அளவுதான். அதற்குள் ஒரு பையன் கண்ணை அறை முழுக்க ஓடவிட்டு எதையோ தேடுவது அவளுக்குக் கேட்டுவிடும். பிறகு பதில் வரும்.

“மூணாவது பாட்டு.”

எல்லாப் பொய்யர்களும் மூன்றாவது பாட்டையே சொன்னார்கள். முதல் பாட்டைச் சொன்னால் அதோடு எழுந்து போய்விட்டதாகத் தெரியும். கடைசிப் பாட்டைச் சொன்னால் ரொம்பவும் நடிப்பதாகப் படும். பொய் வந்து சாய்ந்து உட்கார வசதியான நாற்காலி மூன்றாவது பாட்டு. மினசோட்டாவில் காரிக் ஸ்ட்ரவுட் என்ற ஒரு பையன் ஒருமுறை இப்படித்தான் மாட்டிக்கொண்டான். அந்த ஆல்பத்தில் மூன்றாவதாக இருந்தது பாட்டே அல்ல. மழைச் சத்தமும், ஒரு கதவு சாத்தும் சத்தமும்தான். “அந்தக் கதவுச் சத்தமாப்பா உனக்குப் புடிச்சுது?” என்று மார்லிஸ் கேட்க, மறுமுனையில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் தொடங்கிய பழக்கம். காரிக் இப்போது மினியாபொலிஸில் சொந்தமாக ஓர் இசை நிறுவனம் நடத்துகிறான். மற்ற வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோன பிறகு மார்லிஸ் கையில் மிச்சமிருப்பது அவன் வேலை ஒன்றுதான்.

அந்த வேலைக்கும் பிப்ரவரியில் ஆபத்து வந்தது.

“காப்பர் பே கல்லூரி நிலையம் இந்த வாரம் அதிகம் போட்ட ஆல்பங்களோட பட்டியலப் பாத்தீங்களா?” என்று காரிக் போனில் கேட்டான். குரலில் வழக்கமான குழைவு இல்லை.

“பாத்தேன். உன் பாடகி ஓலீட்டா முதல் இடத்துல இருக்கா.”

“இந்த வாரம் மட்டுமில்ல, வாரக்கணக்கா இருக்கா. வேற எந்த ஊர்லயும் இருபதுக்குள்ளகூட வரல. அந்தக் குட்டி ஊர்ல மட்டும் முதலிடம். சரி, நல்ல விஷயம்தானேன்னு நம்ம அனுப்பற தளத்தோட கணக்கத் திறந்து பாத்தேன். காப்பர் பேக்காரன் ஆல்பத்த டவுன்லோடே பண்ணல மார்லிஸ். ஒரு பாட்டக்கூட.”

அவள் அதை முன்பே பார்த்துவிட்டிருந்தாள். எந்த நிலையம் எப்போது திறந்தது, எதைக் கேட்டது, எதை இறக்கிக்கொண்டது என்று எல்லாவற்றையும் அந்தத் தளம் காட்டிக்கொடுத்துவிடும். காப்பர் பேக்கு நேரே பூஜ்யம்தான் இருந்தது. கையில் இல்லாத ஆல்பத்தை எப்படி ஒலிபரப்பினார்கள் என்ற கேள்வி சில நாட்களாகவே அவள் காபியில் மிதந்துகொண்டிருந்தது. காரிக் கண்ணில் படாமல் இருக்கவேண்டுமே என்று நினைத்திருந்தாள்.

“அந்த நிலையத்துப் பையனுக்கு என்ன குடுத்தீங்க?” என்றான் காரிக்.

“என்ன கேக்கற நீ?”

“கேக்கவேண்டியதத்தான் கேக்கறேன். பட்டியல்ல பேரு போடச்சொல்லி சில பேர் சட்டை வாங்கித் தராங்க, டிக்கெட் தராங்க. நீங்க அப்படியில்லன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். இது வெளிய தெரிஞ்சா ஓலீட்டாவோட பேரும் சேந்து நாறும். வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். இல்லன்னா அவ அடுத்த ஆல்பத்த வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

அவள் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். போனை வைத்த பிறகும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். தன் ஆயுள் முழுக்க மற்றவர்கள் குரலில் பொய் தேடியவள் அவள். முதல்முறையாக இப்போது ஒருவன் அவள் குரலில் தேடிக்கொண்டிருந்தான்.

இரும்புத்தாதுக் கப்பல்துறையில் வேலைபார்த்தவரின் மகள் மார்லிஸ். முதல் வேலை தொலைபேசிக் கம்பெனியில், புகார் கேட்கும் மேசையில். “நான் அந்தக் கால் பண்ணவே இல்ல” என்று தினமும் நூறு பேர் சொல்லக் கேட்டவள். பிறகு ஒரு ரெக்கார்டுக் கடை, அங்கிருந்து இந்தத் தொழில். குளிரையும் பார்க்காமல் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற கணவன் ரூடிகூட, அவளிடம் பேசும்போது நிறுத்தி நிதானமாகப் பேசுவான்.

“யாரையெல்லாம் சந்தேகப்படற இப்போ?” என்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டான் அவன், இறைச்சிப் பணியாரத்தின் மேல் கெச்சப்பைப் பிழிந்தபடியே.

“அந்தப் பையன், டீக். டீக் லிண்ட்க்விஸ்ட். பாட்டக் கேக்காமயே பட்டியல்ல போடறான்னு தோணுது.”

“அவனுக்கு அதுல என்ன லாபம்?”

“அதுதான் தெரியல. ஓலீட்டா ஆளுங்க யாராவது அவனுக்கு ஏதாவது குடுத்திருக்கலாம். இல்ல, என்னைப் புடிக்காத வேற ஏஜெண்டு எவனாவது செட் பண்ணியிருக்கலாம், நான் மாட்டிக்கட்டும்னு.”

“என்னை விட்டுட்டியே. நான் நேத்து வண்டிய எடுத்துட்டுக் கிழக்க போனேன்னு சொன்னேன், மேற்க போயிருந்தா?”

“போனியா?”

ரூடி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். “உன்கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டினதுக்கு எனக்கு ஒரு மெடல் குடுக்கலாம்டி.”

சாப்பிட்டு முடித்ததும் டீக்கைக் கூப்பிட்டாள். மற்ற எதையும் கேட்காமல் நேராக மூன்று கேள்விகளுக்குப் போனாள். ஆல்பம் கிடைத்ததாகச் சொன்னான். அதை வேகமாகச் சொன்னான். நல்லா இருக்கு என்றான்.

“எந்தப் பாட்டு?”

“முதல் பாட்டு.”

இடைவெளியே இல்லை. அதுதான் அவளைக் குழப்பியது. முதல் பாட்டைச் சொல்கிறவர்கள் இரண்டே வகை. உண்மையாகவே கேட்டவன் ஒருவன். மார்லிஸைப் பற்றி முன்கூட்டியே கேள்விப்பட்டு உஷாராக இருக்கிறவன் இன்னொருவன். ‘மார்லிஸ்கிட்ட மூணாவதுன்னு மட்டும் சொல்லிடாத’ என்று பழைய மாணவர்கள் புதியவர்களிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

“நாளைக்கு நான் அந்தப் பக்கம் வரேன். நிலையத்துல இருப்பியா?”

இப்போது வந்தது இடைவெளி.

“இருப்பேன்” என்றான் டீக்.

ஓலீட்டாவின் முதல் பாட்டைப் பற்றி மார்லிஸிடமே ஒரு ரகசியம் இருந்தது. டுலூத் நகரில் ஒரு கிடங்கில் பதிவான பாட்டு அது. ஓலீட்டா பிராண்ட்வால்ட் அன்று சளியோடு பாடினாள். தொடக்கத்தில் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று தாளத்துக்கு எண்ணிவிட்டு, இருமி, “மன்னிச்சுக்கோங்க, மறுபடியும்” என்று சொல்லிவிட்டுப் பாடத் தொடங்குவாள். அந்த இருமலோடு ஒரு பிரதி, அதை வெட்டிய பிரதி ஒன்று என இரண்டும் மார்லிஸுக்கு வந்தன. இருமல் உள்ளது வெளியே போகவே கூடாது, பாடகிக்கும் அவமானம், எனக்கும் அவமானம் என்று காரிக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அனுப்புகிற அன்று மார்லிஸ் தளத்தில் ஏற்றியது எது? இருமல் உள்ளது. விடிந்து காபி போடும்போதுதான் கண்டுபிடித்தாள். அலறிப்புடைத்துக்கொண்டு மாற்றினாள். அதற்குள் ஒரே ஒரு நிலையம் அதை இறக்கியிருந்தது. விஸ்கான்சினில் ஹால்வர்சன் கல்லூரி. அங்கே பொறுப்பில் இருந்த சோல்வெய்க் என்ற பெண் கோழிக்கு முன்னால் எழுகிறவள். மார்லிஸ் அவளைக் கூப்பிட்டு, “அதை அழிச்சுடும்மா” என்றாள். அவள் “அழிச்சுட்டேன்” என்றாள். மார்லிஸ் நம்பவில்லை. ஆனாலும் விட்டுவிட்டாள். காரிக்கிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலையில் காரை எடுத்தாள். ரூடி முந்தைய தினம் தள்ளிய பனி சாலையின் இருபுறமும் மதில்போல நின்றது. மரங்கள் எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு அவள் கார் வருவதைப் பார்த்து நிறுத்தியதுபோல் இருந்தன. காப்பர் பே வானொலிக்குச் சக்தி குறைவு. கடைசி மேட்டைத் தாண்டி ஊர் கண்ணில் பட்ட பிறகுதான் காதில் விழும். மேட்டின் உச்சியில் இரைச்சல் நடுவே ஒரு பெண் குரல் வந்தது. வானிலை சொன்னது, உணவுக்கூடத்தில் இன்று என்ன சூப் என்றது. பிறகு, “அடுத்து, நீங்க எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கறது” என்றது.

கிடார். யாரோ எண்ணினார்கள். பிறகு ஓர் இருமல்.

“மன்னிச்சுக்கோங்க, மறுபடியும்.”

மார்லிஸ் காரை ஓரம் கட்டினாள். பனிமதிலை உரசிக்கொண்டு கார் நின்றது. அந்த இருமல் உலகத்தில் ஒரே ஒரு நிலையத்திடம் மட்டும்தான் இருந்தது. அது இந்த நிலையம் அல்ல.

ஆக, இவர்கள் உண்மையாகவே ஒலிபரப்புகிறார்கள். பட்டியல் பொய் இல்லை. அந்த நிம்மதி வந்த சுருக்கிலேயே வேறொன்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. அந்தத் தளம் கொடுக்கும் ஒவ்வொரு கோப்பிலும் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் இருக்கும். யார் இறக்கினார்கள் என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஒரு நிலையத்துக்குத் தந்ததை இன்னொரு நிலையத்துக்குத் தரக்கூடாது. தந்தது தெரிந்தால் தந்தவர்கள் கணக்கை மூடிவிடுவார்கள். அப்புறம் அந்தக் கல்லூரிக்கு எந்த நிறுவனத்தின் புதுப் பாட்டும் போகாது.

காப்பர் பே நிலையம் உணவுக்கூடத்துக்கு அடியில், நிலத்தடியில் இருந்தது. படியிறங்கும்போதே எண்ணெயில் வறுத்த உருளைக்கிழங்கின் வாடை. ஸ்டிக்கர்களால் மூடிய கதவைத் தட்டுவதற்கு முன்பே டீக் திறந்தான். உயரமான பையன், கழுத்தில் ஹாக்கி அணியின் துண்டு. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

“வாங்க மார்லிஸ். காபி?”

“காபி அப்புறம் இருக்கட்டும். ஓலீட்டா பாட்டு உனக்கு எங்கேந்து வந்துச்சு?”

“நீங்கதானே அனுப்பினீங்க?”

“நான் அனுப்பினது இருமாது தம்பி.”

டீக் உட்கார்ந்தான். அவன் எதையோ அளந்து பார்ப்பது தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிபரப்பு அறையிலிருந்து மெல்லிய தாளம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“நீங்க போலீஸ் மாதிரி கேக்கறீங்க” என்றான்.

“போலீஸ்கிட்ட நீ வக்கீல் கேக்கலாம். என்கிட்ட அதுவும் கிடையாது. சொல்லு.”

“இலையுதிர் காலத்துல எங்க மெயிலுக்கு ஒரு லிங்க் வந்துச்சு. உங்க தளத்தோட பேரு, அதே நிறம், ‘உங்களுக்குப் புது ஆல்பம் காத்திருக்கிறது’ன்னு. இங்க என்கூட இருக்கற நிக்ஸன்னு ஒரு பையன்தான் அமுக்கினான். அமுக்கின உடனே கல்லூரி கம்ப்யூட்டர் பாதியும் படுத்துடுச்சு. அன்னைலேந்து கல்லூரிக்காரங்க அந்தத் தளத்தையே தடுத்துட்டாங்க. போலியையும் தடுத்துட்டாங்க, நிஜத்தையும் தடுத்துட்டாங்க.”

“திறக்கச் சொல்றதுதானே?”

“சொன்னோம். அது பாதுகாப்பானதுன்னு அந்தத் தளத்துலேந்தே ஒரு சான்று எடுத்துட்டு வாங்கன்னாங்க. சான்று எடுக்கணும்னா தளத்துக்குள்ள போகணும். தளத்துக்குள்ள போகணும்னா அவங்க திறக்கணும்.” அவன் கையை விரித்தான். “போன்ல எறக்கிப் பாத்தேன். வேற ரெண்டு ஆல்பத்துலயே மாசத்து டேட்டா காலி. எங்கம்மா வெச்சாங்க எனக்குக் கச்சேரி.”

“இத்தனை நாளா என்கிட்ட சொல்லல நீ.”

“சொன்னா நீங்க பாட்டு அனுப்பற பட்டியல்லேந்து எங்களத் தூக்கிடுவீங்க. டவுன்லோட் பண்ணாத நிலையத்துக்கு எதுக்கு அனுப்பணும்னு. பக்கத்து ஊர் கல்லூரிக்கு அப்படித்தான் ஆச்சு.”

அது உண்மைதான். தூக்கியவள் அவளேதான். அவள் அதைச் சொல்லவில்லை.

“சோல்வெய்க் குடுத்தாளா?”

அவன் முகம் அதிர்ந்து அடங்கியது. “அவளை எதுவும் பண்ணிடாதீங்க. நான்தான் கேட்டேன்.”

“எப்படி குடுத்தா? மெயில்லயா?”

“பஸ்ல.”

கதை அப்போதுதான் வெளியே வந்தது. இரண்டு கல்லூரிகளின் ஹாக்கி அணிகளும் குளிர்காலம் முழுக்க ஒன்றோடொன்று ஆடும். ஆட்டத்தை வானொலியில் வர்ணிப்பது நிலையத்துப் பிள்ளைகளின் வேலை. அணி போகும் பஸ்ஸில் கடைசி இருக்கையில் அவர்களும் போவார்கள். டீக் இங்கிருந்து போவான், சோல்வெய்க் அங்கிருந்து வருவாள். வர்ணனைப் பெட்டிக்குள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் அணி கோல் போட்டால் மற்றவர் காதில் விழக் கத்துவார்கள். ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் கை குலுக்கும்போது இவர்களும் கை குலுக்குவார்கள். அந்தக் கையில் ஒரு பென் டிரைவ் இருக்கும்.

“ஒருதடவை நாங்க ஏழு கோல்ல தோத்தோம்” என்றான் டீக். “அன்னைக்குக்கூடக் குடுத்தா. ‘இந்தா, ஆறுதல் பரிசு, தோத்தாங்குளி’ன்னா.”

“இருமல் பாட்டை அழிக்கச் சொல்லியிருந்தேன் அவகிட்ட.”

“அழிச்சுட்டான்னுதான் நெனைக்கறேன். எனக்குக் குடுத்த பிறகு.” அவனுக்கு லேசாகச் சிரிப்பு வந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. “ஆனா மார்லிஸ், அந்த இருமலாலதான் ஓடுது. ஊர்ல பாதிப் பேருக்குச் சளி. போன் பண்ணி ‘அந்த இருமற பொண்ணப் போடுங்க’ன்னு கேக்கறாங்க. சமையல்காரம்மா கீழ வந்து கேட்டாங்க. நீங்க வேணா அவங்களையே கேளுங்க.”

“கேக்கறேன்.”

“நம்பலயா?”

“நம்பறேன்னு யார் சொன்னா?”

உண்மையாகவே மேலே போய்க் கேட்டாள். தலையில் வலை மாட்டிய ஒரு பெண்மணி சூப் அகப்பையை ஆட்டிக்கொண்டே இருமிக் காட்டி, “மன்னிச்சுக்கோங்க, மறுபடியும்!” என்று பாடினாள். அவளுக்குப் பின்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்தவனும் சேர்ந்து இருமினான். இரண்டு பேரும் முன்பே பேசிவைத்துக்கொண்டார்களோ என்று மார்லிஸுக்கு ஒரு கணம் தோன்றியது. வெட்கமும் சேர்ந்து வந்தது.

கீழே திரும்பியபோது டீக் கதவருகிலேயே நின்றிருந்தான்.

“சொல்லிடுவீங்களா?”

“எனக்கு இன்னும் தெரியல.”

“சொன்னா சோல்வெய்க் நிலையத்தோட கணக்க மூடிடுவாங்க. எங்களுக்குப் பஸ்ல கொண்டுவந்து குடுக்க அவ இருந்தா. அவளுக்குக் குடுக்க யாரும் இல்ல.”

“சொல்லலன்னா என்னை மூடிடுவாங்க. அது தெரியுமா உனக்கு? உனக்கு லஞ்சம் குடுத்தேன்னு எங்க முதலாளி சொல்றான்.”

டீக் திகைத்தான். “எனக்கா? என்ன குடுத்தீங்களாம்?”

“சட்டை.”

அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். முழங்கையில் ஓட்டை. மார்லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பிக்கொண்டு, பையிலிருந்து தன் மடிக்கணினியை எடுத்தாள்.

“உன் கம்ப்யூட்டர் எது?”

முழு ஆல்பத்தையும் தன் கையாலேயே அதில் ஏற்றினாள். இருமல் இல்லாத பிரதி. தனக்கு வந்த மூலக்கோப்பு, யார் பெயரும் அடையாளமும் இல்லாதது. பழையதை அவன் கண்முன்னாலேயே அழிக்கச் சொன்னாள். குப்பைத்தொட்டியையும் காலிசெய்யச் சொன்னாள். அவன் சட்டைப்பையைப் பார்த்தாள். அவனாகவே பென் டிரைவை எடுத்து நீட்டினான்.

“இனிமே வேற எவனாவது கேட்டா என்ன சொல்லுவ?”

“நீங்க நேர்ல வந்து குடுத்தீங்க.”

“எப்போ?”

டீக் யோசித்தான். “ரொம்ப நாள் முன்னாடி.”

“அவ்வளவு போதும். தேதி கீதி சொல்லாத. தேதி சொல்றவன்தான் மாட்டுவான்.”

“இருமல் எங்க போச்சுன்னு கேட்டா?”

“நின்னு போச்சுன்னு சொல்லு. அவளுக்கு உடம்பு சரியாயிடுச்சுன்னு சொல்லு.”

திரும்பும் வழியில் மேட்டில் ஏறும்போது மறுபடி அந்தப் பாட்டு வந்தது. கிடார், உடனே குரல். சுத்தமாக, சரியாக, காரிக் விரும்பியபடி. பாட்டுக்குள்ளிருந்து ஓர் ஆள் எழுந்து போய்விட்டதுபோல் இருந்தது. அடுத்த திருப்பத்தில் மலை குறுக்கே வந்து வானொலியை மூடியது. பையில் அந்த பென் டிரைவ் கிடந்தது. டீக் இதற்கு இன்னொரு பிரதி வைத்திருப்பான் என்று அவள் நினைத்தாள். நிச்சயம் வைத்திருப்பான். அவனுடைய வயதில் அவளும் வைத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காரிக் கூப்பிட்டான். மார்லிஸ் ஜன்னலோரம் நின்றுகொண்டே பேசினாள். ஏரிக்கரை உறைந்து வெளுத்துக் கிடந்தது.

“காப்பர் பே விஷயம் கேட்டேன் காரிக். கல்லூரியில தளத்த தடுத்துவெச்சிருக்காங்க. போலி லிங்க் ஒண்ணு வந்து தொல்லை ஆயிருக்கு. அதனாலதான் டவுன்லோட் இல்ல. நான்தான் நேர்ல போய் ஆல்பத்த குடுத்தேன்.”

“நீங்களா? நேர்லயா?”

“ஆமா.”

“பனியில ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போயி, ஒரு ஆல்பத்துக்காக?”

“ரூடி ரோட்டத் தள்ளி வெச்சிருந்தான்.”

“எப்போ போனீங்க?”

“கொஞ்ச நாள் முன்னாடி.”

மறுமுனையில் அமைதி. அவள் பல வருடங்களாக அடுத்தவர்களுக்குக் கொடுத்துவந்த அமைதி அது. அதன் எடை எவ்வளவு என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஏதாவது சொல்லி அதை நிரப்பவேண்டும்போல் நாக்கு துறுதுறுத்தது. அப்படி நிரப்பியவர்களைத்தான் அவள் பிடித்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

“சரி” என்றான் காரிக் மெதுவாக. “ஓடறதெல்லாம் நிஜம்தானே? கேட்டீங்களா?”

“என் காதால கேட்டேன். சமையல்காரம்மா பாடறா.”

இதில் பொய் இல்லை. குரல் தானாகவே நிமிர்ந்ததை அவளே கவனித்தாள். அவனும் கவனித்திருப்பான்.

“அப்படி எந்தப் பாட்டு மார்லிஸ் அங்க அவ்வளவு புடிச்சிருக்கு?”

முதல் பாட்டு என்று சொல்ல வாயெடுத்தாள். முதல் பாட்டு என்றால், எங்கே, இணையத்தில் இருக்கும் அந்த நிலையத்தின் பழைய நிகழ்ச்சியைப் போட்டுக் கேட்போம் என்று அவன் போவான். கேட்டால் இருமல் இருக்கும். இருமல் இருந்தால் அந்தக் காலையில் யார் இறக்கினார்கள் என்று பார்ப்பான். பார்த்தால் சோல்வெய்க். எல்லாம் ஒரு மூச்சுக்குள் ஓடியது. அந்த மூச்சைத் தான் விட்டுவிட்டதை அவள் கேட்டாள்.

“மூணாவது பாட்டு” என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

வெளியே ரூடி வண்டியை நிறுத்திவிட்டுப் பூட்ஸைத் தட்டும் சத்தம். ஒரு தட்டு, இன்னொரு தட்டு.

“மூணாவதா?” என்றான் காரிக்.

“மூணாவது.”

“ம்.” அந்த ‘ம்’மில் சிரிப்பு இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. உலகத்திலேயே குரலைப் பிரிக்கத் தெரிந்தவள் என்று அவளைப் பற்றி ஊரெல்லாம் சொன்னவன் அவன்தான். “சரி மார்லிஸ். ஓலீட்டாவோட அடுத்தது பதிவு முடியட்டும். உங்களுக்கே அனுப்பறேன்.”

மே மாதம் அனுப்பினான். பனி முழுக்க உருகிவிட்டிருந்தது, ரூடி வண்டிக்கு எண்ணெய் போட்டு மூடிவைத்திருந்தான். மார்லிஸ் ஆல்பத்தைத் திறந்தாள். முதல் பாட்டைத் தொடவில்லை. இரண்டாவதைத் தொடவில்லை. மூன்றாவதை அழுத்தினாள்.

மழைச் சத்தம். கொஞ்ச நேரம் மழை மட்டும். பிறகு எங்கேயோ ஒரு கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டாள். காரிக்கை அன்று மாட்டிவிட்டதுபோலவே ஒரு மழை, ஒரு கதவு. இது அவன் வேடிக்கையா, வலையா? ஒலியைக் கூட்டி, அந்தக் கதவு எந்தப் பக்கமாகச் சாத்துகிறது, ஆளை உள்ளே விட்டா, வெளியே தள்ளியா என்று காதைக் கூர்ப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நல்லா இருக்கா?” என்று ரூடி உள்ளே வந்து கேட்டான்.

“பொறு” என்றாள் மார்லிஸ். “கேட்டுக்கிட்டிருக்கேன்.”